பருப்பு வேகும் கிணறு

ஆரணியில் சாயப்பட்டறைக்காரர்களைக் கையைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். நகக்கண்ணில் அரக்கு இருக்கும், முழங்கை வரை மயில்கழுத்து நீலம் இருக்கும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் பச்சை விரல்கள் சோறு பிசைவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். தருமன் மட்டும் இதில் சேர மாட்டார். பட்டறைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போவார். சாயங்காலம் அதே வேட்டியோடு, ஒரு பொட்டுக் கறை இல்லாமல், கடைத்தெரு வழியாக சைக்கிளில் திரும்புவார். யாராவது அதிசயப்பட்டால், "சாயம் பட்டுல ஏறணும். வேட்டில ஏறுச்சின்னா அவன் வேலக்காரன் இல்ல" என்பார். திமிர் பிடித்த மனிதர்தான். திமிருக்குத் தகுந்த வேலையும் கையில் இருந்ததால் ஊர் பொறுத்துக்கொண்டது.

எங்கள் தெருவில் கடைசி வீடு அவருடையது. நான் அவரை முப்பது வருடமாகப் பார்த்தவன் என்பதால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. அவருடைய கதையாக ஊர் சொல்லும் கதை பாதிதான் சரி.

ஆரணிப் பட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் தறியைப் பற்றிப் பேசுவார்கள், ஜரிகையைப் பற்றிப் பேசுவார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பட்டு நூல் பூச்சியிலிருந்து வரும்போது பசையோடுதான் வருகிறது. அந்தப் பசை போக சவுக்காரமும் சோடாவும் போட்டு வேகவைக்க வேண்டும். பிறகு தாமிர அண்டாவில், புளிப்புத் திராவகம் விட்ட சாயத்தில், கழியில் கோத்துப் புரட்டிப் புரட்டிக் காய்ச்ச வேண்டும். பிறகு அலச வேண்டும், மறுபடியும் அலச வேண்டும். ஒரு சேலைக்கான நூல் எத்தனை அண்டாத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தறிக்குப் போகிறது என்று சேலை கட்டுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்று எல்லோரும் நினைத்தோம்.

தருமனின் பட்டறை ஊருக்கு வெளியே, கமண்டல நாகநதிக் கரையோரம் இருந்தது. நதி என்று பெயர், வருடத்தில் பெரும்பாலும் மணல்தான். பட்டறையின் கழிவு வாய்க்கால் ஆற்றுக்குப் போகிற வழியில் ரங்கசாமியின் கழனியைத் தொட்டுக்கொண்டு போனது. ரங்கசாமிக்கு அங்கே ஒன்றரைக் காணி நிலம், ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றி நாலைந்து தென்னை. அவர் குடும்பம் சாப்பிட்டது, குடித்தது எல்லாம் அந்தக் கிணற்றை நம்பித்தான்.

தொண்ணூற்றொன்றாம் வருடம் ஆடி மாதம் ஒரு காலை ரங்கசாமி தன் வெள்ளை மாட்டைப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தார். மாட்டின் நான்கு கால்களும் முட்டி வரை அரக்கு நிறத்தில் இருந்தன. வால் நுனியும் அப்படியே. மாட்டைப் பட்டறைத் தூணில் கட்டினார்.

"இன்னா சாயக்காரரே, எம்மாட்டுக்குச் சாயம் போடுன்னு நான் எப்ப உன்கிட்ட கேட்டேன்?"

தருமன் மாட்டைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார்.

"வாய்க்கால்ல எறங்குச்சி. இப்ப இத சந்தைக்கு ஓட்டிகினு போனா மாடா சீலையான்னு கேப்பான். சாயம் போற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். தீனி நீ போடு" என்று சொல்லிவிட்டு ரங்கசாமி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பட்டறை ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தருமன் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் மாடு தூணில் நின்றது. தருமனின் மனைவி கற்பகம் வீட்டிலிருந்து தவிடும் வைக்கோலும் கொண்டுவந்து போட்டாள். தருமன் தினமும் சவுக்காரம் போட்டு மாட்டின் காலைத் தேய்த்தார். துவைத்தால் ஓடுகிற அந்த மலிவு அரக்கு, பட்டில் நிற்காதது, மாட்டில் மட்டும் அசையாமல் நின்றது.

அவரை அரித்தது மாடு அல்ல. வாய்க்காலில் அவ்வளவு நிறம் போகிறது என்றால் பட்டில் அவ்வளவு ஏறவில்லை என்று அர்த்தம். சாயக்காரனின் கழிவுத் தண்ணீர் அவன் வேலைக்குச் சாட்சி. நூல் கொடுக்கும் முதலாளிமார் சேலையைப் பார்ப்பார்கள், மற்ற சாயக்காரர்கள் வாய்க்காலைப் பார்ப்பார்கள். ஒரு கழனிக்காரன் மாட்டைக் கொண்டுவந்து தன் வேலையின் லட்சணத்தைத் தூணில் கட்டிவிட்டுப் போனது போல அவருக்கு அவமானமாக இருந்தது. வாய்க்கால் தண்ணீர் தெளிந்து ஓடாமல் இனி அந்த வாசலில் தலை நிமிர்ந்து நிற்பதில்லை என்று முடிவு செய்தார். அந்த அரக்குப் பொடியில் மிச்சமிருந்த டின்னைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்.

சென்னையில் சாயப்பொடி விற்கும் ஒரு சேட்டிடம் போய் வேறு பொடி கேட்டார். சேட்டு புதுச் சரக்கு காட்டினார். அதற்குள்ளேயே உலோகம் கட்டியிருக்கிறது, அதனால்தான் பட்டைப் பிடித்தால் விடாது என்றார். தருமனுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய்விட்டது. ஊருக்கு வந்து, "இது உலோகச் சாயம், இரும்பாட்டம் நிக்கும்" என்று முதலாளிகளிடம் அதையே பெருமையாகச் சொன்னார். கறுப்புக்கு மட்டும் கூடுதலாக ஒன்று தேவைப்பட்டது. ஆரஞ்சு நிறத்தில் கற்கண்டுத் துண்டுகளாக வரும் ஒரு உப்பு. கடையில் அதற்குக் குரோம் என்று பெயர். சாயம் ஏற்றிய பிறகு அதில் ஒரு கொதி விட்டால் கறுப்பு செத்தாலும் போகாது. ஆரணியில் சாயம் ஓடாத கறுப்புக்கு ஆளைத் தேடிக்கொண்டு தருமனிடம் வர ஆரம்பித்தார்கள்.

வாய்க்கால் முனையில் ஒரு தொட்டி கட்டினார். அதில் ஆற்று மணலும் கொட்டாங்கச்சிக் கரியும் நிரப்பினார். மிச்சமிருந்த கொஞ்ச நிறத்தையும் கரி பிடித்துக்கொண்டது. கரி களைத்துப்போனால் அள்ளிப் போட்டுவிட்டுப் புதுக் கரி நிரப்புவார்.

சாயக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு கிணற்றில் தண்ணீர் எடுப்பதற்கு முன், வெளுத்த வெள்ளைப் பட்டு நூலை அந்தத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டுக் காலையில் பார்ப்பார்கள். வெள்ளை வெள்ளையாக இருந்து, நூல் விறைக்காமலும் இருந்தால் நல்ல தண்ணீர். தருமன் அந்தச் சோதனையைத் தன் கழிவுத் தண்ணீருக்கே வைத்தார். காலையில் ரங்கசாமியை அழைத்து வந்து நூலைத் தூக்கிக் காட்டினார். மல்லிகைப் பூ நிறத்தில் இருந்தது.

"நூல் குடிச்சிடுச்சி. நீ குடி பாக்கலாம்" என்றார் ரங்கசாமி.

தருமன் கையில் ஏந்திக் குடித்தார். வேட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. அதுவும் கறையில்லாமல் காய்ந்தது. ரங்கசாமி குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "ஆளு கில்லாடிதான்" என்று ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்கள். ஒருவர் "தருமா" என்பார், மற்றவர் "அண்ணே" என்பார். மழை பொய்த்த வருடங்களில் ரங்கசாமியே மண்வெட்டி எடுத்துவந்து வாய்க்காலைத் தன் கழனிப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊரே வறண்டு கிடக்கும்போது வருடம் முழுக்கத் தெளிந்த தண்ணீர் தானாக வந்து வரப்பில் பாய்கிறது, யார்தான் வேண்டாம் என்பார்கள். தொட்டியில் களைத்த கரியையும் மணலையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றோரத் தென்னைகளுக்குப் போட்டார். தருமன் அலசுவதற்கு நல்ல தண்ணீரை ரங்கசாமி கிணற்றிலிருந்து குழாய் போட்டு எடுத்துக்கொண்டார். பட்டறைக்குக் கிணற்றுத் தண்ணீர், கழனிக்குப் பட்டறைத் தண்ணீர். இதைவிட நல்ல ஏற்பாட்டை யாராலும் யோசித்திருக்க முடியாது என்று இருவரும் நம்பினார்கள்.

எங்கள் தெருவில் ஒரு கிணற்றுக்கு நற்சான்று கொடுப்பது துவரம்பருப்புதான். ஆரணியில் பல கிணறுகள் உப்புக் கிணறுகள். பருப்பு மணிக்கணக்காகக் கொதித்தும் கல்லாகவே கிடக்கும். ரங்கசாமியின் கிணறு முன்பு சுமாராகத்தான் இருந்தது. வருடம் போகப் போக அதன் தண்ணீர் கடுமை குறைந்து மெதுவாகிக்கொண்டே வந்தது. சவுக்காரம் கொஞ்சம் தொட்டாலே நுரை பொங்கியது. பருப்பு ஒரு கொதியில் மலர்ந்தது. கற்பகம் தினமும் ஒரு குடம் கொண்டுவரச் சொல்வாள். தருமன் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அவள் வீட்டுச் சாம்பாரை ருசித்த பக்கத்து வீடு ஒரு குடம் கேட்டது. பிறகு தெருவே குடத்தோடு கிணற்றுக்கு நடந்தது. எங்கள் வீட்டிலும் அந்தத் தண்ணீர்தான். கிணற்றுக்கு வருகிறவர்களைப் பார்த்து ரங்கசாமிக்குப் பெருமை, ரங்கசாமியைப் பார்த்து தருமனுக்குப் பெருமை.

இதற்கு நடுவில் சில விஷயங்கள் நடந்தன. யாரும் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை புளிப்புச் சாயம் கொதித்து இறங்கியதும் தாமிர அண்டாவின் உட்புறம் புத்தம் புதிதாகப் பளபளக்கும். அதை ஒரு நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டார்கள். சில வருடத்தில் அண்டாவின் அடி ஓட்டையானது. பாத்திரக்காரன் விரலால் அமுக்கிப் பார்த்து, "காகிதமா பூட்டுதுங்க" என்றான். புது அண்டா வாங்கினார்கள். அந்தத் தாமிரம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

கழனியிலும் ஏதோ சரியில்லை. நாற்று நுனியில் மஞ்சளாகிக் கருகியது. காய்ந்தால் மண்மேல் வெள்ளையாக ஆடை கட்டியது, பாய்ச்சினால் தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்றது. ரங்கசாமி விதையை மாற்றினார், யூரியா போட்டார், கண்ணேறு என்று பூசணிக்காய் கட்டினார், படவேட்டுக்குப் போய் ரேணுகாம்பாளுக்குப் பொங்கல் வைத்தார். ஒரு தடவை தருமனிடமும் கேட்டார்.

"தண்ணில ஏதாச்சும் இருக்குமா தருமா?"

"தண்ணியப் பாருண்ணே" என்றார் தருமன். ரங்கசாமி பார்த்தார். வாய்க்காலின் அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து நான்கில், ஆற்றோரப் பட்டறைகள் தண்ணீரைச் சுத்தம் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சாயக்காரர்கள் கூடிப் பேசினார்கள். எல்லோரையும்விட அதிகம் கலங்கியவர் பக்கத்துப் பட்டறை முருகேசன். அவர் பழைய மலிவுப் பொடிகளை விடவே இல்லை. அவர் வாய்க்கால் காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம் ஓடும். தருமன் மட்டும் நிம்மதியாக இருந்தார். "என் தண்ணிய அவங்க எதுர்லயே குடிச்சிக் காட்டறேன்" என்றார். குடித்துக் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பரிசோதனை செய்த சீட்டு கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதற்கென்ன என்று தருமன் கிளம்பினார்.

மூன்று பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டார். ஒன்று தன் வாய்க்கால், ஒன்று ரங்கசாமியின் கிணறு. மூன்றாவது முருகேசனின் வாய்க்கால். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே தன்னுடையதன் அருமை தெரியும் என்பது அவர் எண்ணம். கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பஸ்ஸில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் பையை எட்டிப் பார்த்து, "நன்னாரி சர்பத்தாங்க?" என்றார். "அது வேற ஒருத்தர் வூட்டு சர்பத்து" என்றார் தருமன்.

வேலூரில் ராஜவேலு என்பவர் சின்னதாக ஒரு பரிசோதனைக்கூடம் வைத்திருந்தார். தோல் தொழிற்சாலைகளின் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மனிதர். பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம் தருமன் போனபோது மூன்றும் மேசைமேல் வரிசையாக இருந்தன. ராஜவேலு அவரை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்த பிறகுதான் பேசினார்.

"இந்தச் செவப்புத் தண்ணி பாக்க அசிங்கமா இருக்குது. நல்ல தண்ணின்னு சொல்ல மாட்டேன். ஆனா இதுல உலோகம் அவ்ளோ இல்லீங்க. உங்களுதுலதான் இருக்குது. குரோமியம் இருக்குது, தாமிரம் இருக்குது. கிணத்துலயும் எறங்கியிருக்குது."

"தெளிவா இருக்குதேங்க."

"இந்த அளவுல அதுக்கு நெறம் தெரியாதுங்க. வாசன கெடையாது. கறுப்புக்கு இன்னா போடறீங்க?"

"குரோம்" என்றார் தருமன். சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த தன் பாட்டிலை எடுத்துப் பார்த்தார். பிறகு, "தாமிரம் நாங்க போடறதே இல்லியே" என்றார்.

"எதுல காய்ச்சறீங்க?"

ஓட்டையான அண்டா அவர் ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பற்றி அவர் ராஜவேலுவிடம் சொல்லவில்லை. வேறு ஒன்றைச் சொன்னார்: "அந்தக் கிணத்துத் தண்ணில பருப்பு நல்லா வேகுதுங்க. முன்னைவிட இப்பதான் நல்லா வேகுது."

"பருப்பு வேகலன்னா பொம்பளைங்க துளி சோடா போடுவாங்கல்ல? பட்டு வேகவைக்கறீங்களே அந்த சோடா, அது எறங்கிதான் கிணத்துத் தண்ணி மெதுவாயிருக்குது. கழனி மண்ணு இறுகிப்போயிருக்குமே."

தருமன் தலையசைத்தார்.

"அந்தக் கரி, மணலு, அதெல்லாம் எங்க கொட்டறீங்க?"

"கிணத்தாண்ட. தென்னைக்கு."

ராஜவேலு சீட்டில் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு, "பட்டு பளபளக்க எண்ணெயாட்டம் ஒண்ணு ஊத்துவீங்களே, அதுல இன்னா இன்னா இருக்குது, மண்ணுல போயி இன்னா ஆவுதுன்னு பாக்க என்கிட்ட மெஷினே இல்லீங்க. பேரு தெரியாததெல்லாம் எப்படித் தேடறது. தெரிஞ்சத மட்டும்தான் சொல்றேன்" என்றார்.

"கொதிக்க வெச்சிக் குடிச்சா?"

"தண்ணிதான் கொறையும். அது கொறையாது. யாரு குடிக்கறாங்க அத?"

"எங்க தெரு பூரா. நாங்க. அப்புறம் ரங்கசாமி அண்ணன் வூடு. கைக்கொழந்த இருக்குது அங்க."

"இன்னிக்கோ நாளைக்கோ ஒண்ணும் ஆவாது, பயந்துடாதீங்க. ஆனா வருஷக்கணக்கா குடிக்கற தண்ணி இல்ல அது. ஜல்தியா சொல்லிடுங்க. அந்தக் கொழந்தைக்கு மொதல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் தருமனுக்குப் பயமாக இருந்தது. தன் கண்ணை நம்பி வாழ்ந்தவர் அவர். அரக்கில் ஒரு சிட்டிகை நீலம் கூடினால் அண்டாவுக்கு அந்தப் பக்கம் நின்றே சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்கு எதிரில், இத்தனை வருடமாக, தினமும் அது வாய்க்காலில் போயிருக்கிறது. அவரே காய்ச்சி அனுப்பியிருக்கிறார். அதை எண்ணி வெட்கப்பட்டதைவிட, புஷ்பலதா இன்று குழந்தைக்கு எந்தத் தண்ணீரில் பால்பொடி கரைத்திருப்பாள் என்பதை எண்ணித்தான் அவர் அதிகம் பயந்தார். புஷ்பலதா ரங்கசாமியின் மருமகள்.

அன்றே பட்டறை அடுப்பை அணைத்தார். வீட்டில் கற்பகத்திடம் சொன்னார். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்து, "இத்தினி வருஷம் குடிச்சமேங்க" என்றாள்.

ரங்கசாமியிடம் சொல்வது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. கிணற்று மேட்டில் வைத்துத்தான் சொன்னார். ரங்கசாமி முழுவதும் கேட்டார். பிறகு ஒரு வாளித் தண்ணீர் இறைத்து தருமனின் காலடியில் வைத்தார்.

"சீட்டு கெடக்கட்டும். உன் கண்ணு இன்னா சொல்லுது?"

"என் கண்ணு தப்பாச் சொல்லுதுண்ணே."

"நூல் போட்டுக் காட்டின. எதுர்ல நின்னு குடிச்ச. இப்ப எவனோ வேலூர்க்காரன் சொல்றான்னு பேஜார் பண்றியே. இந்தக் கிணத்த மூடிட்டு நான் எங்க போறது? கழனி இன்னாத்துக்கு ஆவும்?"

"குடிக்கறதயாவது வுடுண்ணே. கொழந்தைக்காவது வேணாம்."

"என் அப்பன் வெட்டின கிணறு" என்று சொல்லிவிட்டு ரங்கசாமி அந்த வாளித் தண்ணீரை அவர் எதிரிலேயே குடித்தார். முன்பு தருமன் குடித்துக் காட்டிய அதே மாதிரி, கையில் ஏந்தி.

தெருப் பெண்களிடமும் சொன்னார். அவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். பட்டறையை மூடச் சொன்னதில் மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள் சிலர். கிணற்றை முழுக்கத் தானே வளைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்றார்கள் சிலர். வீட்டுக்கு வீடு நின்று கெஞ்சினார். எங்கள் வாசலிலும் நின்றார். எங்கள் வீட்டில் தலையாட்டினார்கள், சாயங்காலம் குடத்தை எடுத்துக்கொண்டு அங்கேதான் போனார்கள். கிணற்றுப் படியில் முள் வெட்டிப் போட்டார். மறுநாள் காலை முள் ஓரமாகக் கிடந்தது, புஷ்பலதா படியில் உட்கார்ந்து பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்துவிட்டு தருமன் வீட்டுக்கு வந்து பரண்மேல் ஏறினார். பழைய அரக்கு டின்னை இறக்கினார். அந்தப் பொடியில் உலோகம் கிடையாது என்று ராஜவேலுவிடம் முன்பே போன் போட்டுக் கேட்டு வைத்திருந்தார். எதற்குக் கேட்கிறார் என்று மட்டும் சொல்லவில்லை. காலை நேரம், குடங்கள் வரிசையில் இருந்தன. வாளியில் பொடியைக் கரைத்துத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் எதிரில் நடந்துபோய்க் கிணற்றில் ஊற்றினார். கலக்கிவிட்டு மறுபடியும் கரைத்து ஊற்றினார். பத்து வருடத்துக்கு மேல் தண்ணீரிலிருந்து நிறத்தை எடுப்பதற்கென்றே பாடுபட்ட மனிதர், கிணறு முழுக்க அரக்காகும் வரை நின்று பார்த்தார்.

ரங்கசாமி ஓடிவந்து சட்டையைப் பிடித்தார். தள்ளுமுள்ளில் வாளி கவிழ்ந்தது. தருமனின் வெள்ளை வேட்டி இடுப்பிலிருந்து கரை வரை நனைந்து சிவந்தது. அவர் வேட்டியில் சாயத்தை நாங்கள் முதல்முறையாகப் பார்த்தது அன்றுதான். அவர் திருப்பி அடிக்கவில்லை. "இப்பத் தெரியுதில்ல. இனிமே யாரும் மொள்ள மாட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

பஞ்சாயத்து கூடியது. ஒரு நல்ல கிணற்றைக் கெடுத்த பாவி என்று ஊர் அவரைத் திட்டித் தீர்த்தது. பருப்பு வேகாத கோபம் சாதாரணக் கோபம் இல்லை. குழாயடியில் நின்று உப்புத் தண்ணீர் பிடிக்கும் ஒவ்வொரு நாளும் தெரு அவரை ஒரு சுற்று வைதது. ஆனால் கிணற்றுக்கு யாரும் போகவில்லை. சிவந்த தண்ணீரை யார் குடிப்பார்கள். புஷ்பலதாவும் குழாயடிக்கு வந்தாள். தருமன் பட்டறையைத் திறக்கவே இல்லை. செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் காவலுக்குச் சேர்ந்து, விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் போய் வந்தார். ரங்கசாமி எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். தருமனுக்கு அது வலித்தது. கற்பகத்திடம் ஒரு தடவை, "மாட்டக் கட்டினப்பகூட அந்த ஆளு என்கிட்ட பேசிட்டுதான் போனாரு" என்றாராம்.

அடுத்த வருடம் ஐப்பசி, கார்த்திகையில் பேய்மழை. ஆற்றில் நிஜமாகவே தண்ணீர் ஓடியது. மழை விட்ட ஒரு சாயங்காலம், தருமன் வேலையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ரங்கசாமி குடையை மடக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். கற்பகம் வந்து, "உள்ள வாங்கண்ணா" என்றாள். அவர் வரவில்லை.

"தருமா. ரெண்டு சட்டியில நாத்து வுட்டுப் பாத்தேன். ஒண்ணுல எம்மண்ணு, என் கிணத்துத் தண்ணி. ஒண்ணுல படவேட்டுல எம்மச்சான் கழனி மண்ணு, மழத்தண்ணி. ஒரே வெத."

தருமன் சொம்பைக் கீழே வைத்தார்.

"அவம்மண்ணுல பச்சையா வந்துச்சி. என்னுதுல நுனி கருகிப்போச்சி. மச்சான்கிட்ட குத்தகைக்குக் கேட்டிருக்கேன்" என்றார் ரங்கசாமி. "நம்ம கழனி இனிமே எப்ப தேறும்னு வேலூர்க்காரரு எதுனா சொன்னாரா?"

"அவருக்கும் தெரியாதாம்ணே. ரொம்ப வருஷம் ஆவும்னாரு."

ரங்கசாமி தலையாட்டினார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டதைத்தான் பார்த்தேன். பிறகு சொன்னார்:

"மழையில கிணறு நெறஞ்சிபோச்சி. சாயம் வெளுத்து தண்ணி தெளிஞ்சிகினு வருது. நேத்து ரெண்டு பேரு குடத்தோட வந்து எட்டிப் பாத்துகினு இருந்தாங்க." குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அந்தப் பொடி இன்னும் இருக்குதா?"

தருமன் உள்ளே போனார். கற்பகம் மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியை நீட்டினாள். அவர் கொடியில் கிடந்த அரக்குக் கறை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, டின்னோடு வெளியே வந்தார். இருவரும் கழனி வரப்பில் நடந்தார்கள். கிணற்று மேட்டில் தருமன் டின்னைத் திறந்தார். வாளியை ரங்கசாமி பிடித்துக்கொண்டார்.